புள்ளியைத் தின்னும் கோப்புகள்

எல்லா ஓலையிலும் எழுத்து கறுப்பாக, எடுப்பாகத் தெரிந்துவிடாது. எழுத்தாணியால் கீறியபின் விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் தடவித் துடைத்த ஓலையில்தான் கரி கீறலுக்குள் தங்கி எழுத்து துலங்கும். மை ஏற்றாத ஓலை என்றால் மஞ்சள் பரப்பில் அதே மஞ்சளில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தால் கீறலின் ஓரத்தில் மயிரிழை அளவு நிழல் தட்டும். அந்த நிழலைத்தான் படிக்க வேண்டும். சுவடியைப் படமெடுக்கிறவர்கள் விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கத்தில் தாழ்த்தி வைப்பதும் அதற்காகத்தான்.

இப்படிப் பாடுபட்டுப் பிடித்த நிழலை ஒரே சொடுக்கில் தொலைத்துவிட முடியும். கேமராவிலிருந்து வந்த டிஃப் கோப்பைத் திறந்து, 'சேவ் ஆஸ்' போட்டு, ஜேபெக் என்று தேர்ந்தெடுத்து, தரம் கேட்கும் இடத்தில் யோசிக்காமல் 'ஓகே' அழுத்தினால் போதும். திரையில் படம் முன்பிருந்தது போலவேதான் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும், அந்த வரியில் இரண்டு எழுத்தைக் காணோம் என்று.

தஞ்சாவூரில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரசுவதி மகால் நூலகம் நாயக்கர் காலத்தில் தொடங்கி மராத்தியர் காலத்தில் வளர்ந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அதற்கு நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1918-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, மராத்தி என்று பல மொழிகளில் ஓலையும் தாளும் அங்கே குவிந்து கிடக்கின்றன. இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அங்குள்ள சுவடிகளை நுண்படச் சுருளில் எடுத்தது. அதன் பிறகு ஸ்கேனரின் காலம் வந்தது. ஊரின் இன்னொரு பக்கம் 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஓலையிலிருந்து படச்சுருள், சுருளிலிருந்து கோப்பு, ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்பு என்று மாற்றிக்கொண்டே போகும்போது, ஒவ்வொரு கை மாறலிலும் எதை விடலாம் என்று யாரோ ஒருவர் தீர்மானித்துவிடுகிறார். பெரும்பாலும் தீர்மானிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

முதலில் ஒரு கணக்கு. நாற்பது சென்டிமீட்டர் நீளமும் நான்கு சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓலை ஒன்றை அங்குலத்துக்கு 600 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் சுமார் 9,450 பிக்சல், அகலவாக்கில் 945. பெருக்கினால் கிட்டத்தட்ட 89 லட்சம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், எண்ணுக்கு ஒரு பைட். ஆக ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 27 எம்பி. இருநூறு ஓலை கொண்ட ஒரு கட்டுக்கு நானூறு பக்கம், பத்து ஜிபிக்கு மேல். ஆயிரக்கணக்கான கட்டுகள் இருக்கும் இடத்தில் நிர்வாகி தலையில் கைவைப்பார். அதே பக்கத்தை ஜேபெக் இரண்டு எம்பிக்குள் அடக்கித் தரும்போது சபலம் வரத்தானே செய்யும்?

கோப்பு வகை என்பது பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் மூன்றெழுத்து என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வாலை மாற்றி எழுதினால் வகை மாறிவிடும் என்று நம்பி 'ரீநேம்' செய்து பார்ப்பவர்கள் உண்டு. கோப்பின் வகை அதன் தலையில் இருக்கிறது. ஜேபெக் என்றால் முதல் இரண்டு பைட்டுகள் 255, 216. பிஎன்ஜி என்றால் முதலில் 137, அடுத்து பி, என், ஜி என்ற மூன்று எழுத்துகள். டிஃப் கோப்பு 'ஐஐ' என்றோ 'எம்எம்' என்றோ தொடங்கும். இன்டெல், மோட்டரோலா என்ற இரண்டு சில்லு வம்சங்கள் எண்களை வேறு வேறு வரிசையில் எழுதிய காலத்து அடையாளம் அது. அடுத்து 42 என்ற எண் வர வேண்டும். படம் காட்டும் மென்பொருள்களில் பல வாலை நம்பாமல் இந்தத் தலையைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன. பெயரை மட்டும் மாற்றிய கோப்பு ஓரிடத்தில் திறப்பதும் இன்னோரிடத்தில் மறுப்பதும் இதனால்தான்.

டிஃப், 1986-இல் ஆல்டஸ் என்ற நிறுவனம் ஸ்கேனர்களுக்கெனக் கொண்டுவந்த பொது ஏற்பாடு. பிக்சல் எண்களை அப்படியே வைக்கும். சுருக்கினாலும் ஒரு எண்கூடப் பிசகாமல் திரும்ப விரியும் வழியில் சுருக்க முடியும். பிஎன்ஜியும் அப்படித்தான். ஜிஃப் கோப்பின் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைத் தகராறு வந்தபோது, அதற்கு மாற்றாகப் பிறந்து 1996-இல் நிலைபெற்றது அது. இந்த இரண்டுக்கும் இடையே எத்தனை முறை போய் வந்தாலும், சாதாரண எட்டு பிட் படம் சேதாரமில்லாமல் ஊர் திரும்பும்.

ஜேபெக் அந்தச் சாதியில்லை. அதன் வேலையே விட்டுக்கொடுப்பதுதான்.

அதன் நடுவே இருக்கும் கணிதத்தில் நம் நாட்டவர்களின் கை உண்டு. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, கொசைன் அலைகளைக் கொண்டு படத்தைச் சுருக்கும் யோசனையோடு 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. பரிசீலித்தவர்களில் ஒருவருக்கு யோசனை மிக எளிமையாகத் தோன்றியதாம். டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது. இந்த ராவ் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். 1992-இல் ஜேபெக் தரம் முடிவானபோது அதன் இதயத்தில் உட்கார்ந்தது அந்த 'ரொம்ப எளிமையான' கணக்குதான்.

எப்படி நடக்கிறது? முதல் காரியமாக ஜேபெக், சிவப்பு-பச்சை-நீலம் என்ற கணக்கை ஒளி-நிறம்-நிறம் என்று மாற்றி எழுதும். மனிதக் கண் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாகப் பிடிக்கும்; நிறத்தின் நுணுக்கத்தில் அசிரத்தை. அதனால் ஒளியை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று குறைப்பது வழக்கம். இதிலேயே எண்களில் பாதி கழிந்துவிடும். கல்யாண ஆல்பத்துக்கு இதனால் நஷ்டமில்லை. சரசுவதி மகாலில் சரபோஜி காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன; நோயாளியின் கண் எப்படி இருந்தது என்று பக்கத்திலேயே படமும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் படத்தில் வெள்ளை விழியின் மேல் ஒரு பிக்சல் அகலத்தில் ஒரு சிவப்பு நரம்பு ஓடினால், அதன் சிவப்பு பக்கத்துப் பிக்சல்களுக்கும் பங்குபோட்டுக் கொடுக்கப்பட்டு, கோடு இருந்த இடத்தில் ஒரு இளஞ்சிவப்பு ஈரம் மிஞ்சும். மருத்துவ வரலாறு படிக்கிறவருக்குக் கோடு வேண்டும்.

அடுத்தது பிக்சல்களை எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டுவது. கட்டத்துக்கு 64 எண்கள். அவற்றைக் கொசைன் கணக்கில் போட்டால் வேறு 64 எண்கள் வெளியே வரும். முதலாவது, கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்வது. போகப் போக, மென்மையான ஏற்ற இறக்கத்திலிருந்து சடசடவென மாறும் நுணுக்கம் வரை ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்பவை. இந்தக் கணக்கில் எதுவும் தொலையவில்லை, திருப்பிப் போட்டால் பழைய எண்கள் வந்துவிடும். தொலைவது அடுத்த படியில். ஒவ்வொரு எண்ணையும் அட்டவணையிலுள்ள ஒரு எண்ணால் வகுத்து, வரும் விடையை முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். ஜேபெக் தரத்தின் பின்னிணைப்பில் மாதிரியாகத் தந்திருக்கும் அட்டவணையில் முதல் எண் 16. சராசரிக்கான எண் 405 என்றால், 16-ஆல் வகுக்க 25.3, வைத்துக்கொள்வது 25. திரும்ப விரிக்கும்போது 400 கிடைக்கும். ஐந்து போனது யாருக்கும் தெரியாது.

இப்போது ஓலைக்கு வருவோம். மை ஏற்றாத கீறலின் நிழலுக்கும் சுற்றியுள்ள ஓலைக்கும் வெளிச்சத்தில் வித்தியாசம் 255 படிகளில் நாலு படி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்சல் அகலக் கோடு. அதைச் சுமக்கும் கொசைன் எண்கள் ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஆறு தேறும். அதே அட்டவணையின் முதல் வரிசையில் கடைசி நான்கு எண்கள் 24, 40, 51, 61. ஆறை இவற்றில் எதனால் வகுத்தாலும் அரைக்குக் கீழே. முழு எண்ணாக்கினால் பூஜ்யம். நான்கும் பூஜ்யம். கோட்டின் கூர்மையைச் சொன்னவை அந்த எண்கள்தான். மற்றவற்றில் ஒன்றிரண்டு தப்பினால் கீறல் இருந்த இடத்தில் ஒரு மங்கல் தெரியும். தப்பாவிட்டால் வழவழவென்று வெற்று ஓலை. கண்ணுக்குப் பெரிதாகப் படாததை முதலில் கழி என்பது ஜேபெக்குக்கு இட்ட கட்டளை, அது கட்டளையைச் சரியாகவே நிறைவேற்றுகிறது. சுவடி படிப்பவரோ கண்ணுக்குப் பெரிதாகப் படாததைத் தேடித்தான் வந்திருக்கிறார்.

இதனால் ஜேபெக்கே ஆகாது என்று அடித்துச் சொல்லிவிட வேண்டியதில்லை. நான் சொன்ன எண்கள் தரம் 50 என்று வைக்கும்போது புழங்குபவை. 95 என்று உயர்த்தினால், பரவலாகப் பயன்படும் மென்பொருள் நூலகம் அந்த நான்கையும் 2, 4, 5, 6 என்று சுருக்கிக்கொள்ளும். ஆறை இவற்றால் வகுத்தால் ஒன்றுகூடச் சாகாது. கோப்பு பெருக்கும், ஆனால் டிஃபைவிடச் சிறிதாகவே இருக்கும். ஒரே வகைக் கோப்பு, ஒரே வால், உள்ளே ஒன்றில் எழுத்து இருக்கிறது, ஒன்றில் இல்லை. ஆகவே 'எந்த வகை' என்ற கேள்வியோடு 'எந்தத் தரம்' என்பதையும் கேட்டாக வேண்டும். டெண்டர் ஆவணங்களில் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் விட்டுப்போவது எரிச்சலான விஷயம்.

கறுப்பு மை ஏறிய எழுத்துக்கு வேறு சிக்கல். கூர்மையான கறுப்பு விளிம்புக்குப் பல கொசைன் எண்கள் கூட்டாகத் தேவை. அவற்றில் சிலதைக் கழித்துவிட்டால் மீதி சரியாக ரத்தாகாமல் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல அழுக்குப் புள்ளிகள் தெறிக்கும். இது எழுத்தைப் படிப்பதற்குத் தடையில்லை என்று நினைப்போம். தமிழில் தடை உண்டு, ஏனென்றால் நம் எழுத்தில் புள்ளி என்பதே ஒரு எழுத்துறுப்பு.

ஓலையில் எழுதியவர்கள் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே உரு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1880-இல் ஆசிரியப் பணி ஏற்ற உ. வே. சாமிநாதையர், அன்றைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்துக்காரர், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது செய்த பெரும் வேலைகளில் ஒன்று எங்கே புள்ளி, எங்கே நெடில் என்று ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளை ஒப்பிட்டு முடிவெடுத்தது. இல்லாத புள்ளியை அவர் படித்துப் படித்து வைத்தார். அந்தக் காலத்து அச்சு நூலை இன்று ஸ்கேன் செய்கிறவரோ, அப்படி வைத்த புள்ளியைத் துடைத்துவிடுகிறார்.

துடைப்பவர் யார் என்றால், 'கறுப்பு-வெள்ளை' என்ற தேர்வு. பழைய புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது அளவைக் குறைக்கச் சாம்பல் நிறங்களை எல்லாம் ஒரு கோட்டுக்கு மேல் வெள்ளை, கீழ் கறுப்பு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பழுப்பேறிய தாளில் பொட்டுப் பொட்டாக அழுக்கு கறுப்பாகிவிடும். அதைப் போக்க, தனித்து நிற்கும் சின்னக் கறுப்புத் துணுக்குகளை அழிக்கும் ஒரு வடிகட்டியை ஓட்டுவார்கள். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளி ஒன்று, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதத்தில் ஆறு பிக்சல் அகலம் இருக்கும், 150-இல் மூன்று, 75-இல் ஒன்றரை. வடிகட்டிக்கு அதுவும் அழுக்கும் ஒன்று. ஆங்கிலத்தில் ஐ, ஜே என்ற இரண்டு எழுத்தின் தலையில்தான் புள்ளி, போனாலும் படித்துவிடலாம். தமிழில் பல் பல ஆகிவிடும், கல் கல ஆகிவிடும், வாக்கியம் முழுக்க அகரம் ஏறித் தள்ளாடும். எழுத்துணரி மென்பொருளுக்கு இந்தப் படத்தைக் கொடுத்துவிட்டு, தமிழ் சரியாக வரவில்லையே என்று அதைத் திட்டுவதில் நியாயமில்லை.

இதைவிடப் பொல்லாத ஒன்றும் உண்டு. ஜேபிக்2 என்பது கறுப்பு-வெள்ளைப் பக்கங்களுக்கான சுருக்க முறை. பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் உருக்களை ஒரே அச்சாக வைத்துக்கொண்டு, அது வரும் இடங்களை மட்டும் குறித்துவைக்கும். 'ஒரே மாதிரி' என்பதைத் தளர்வாக வைத்தால்? 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியாளர், சில செராக்ஸ் நிறுவன எந்திரங்களில் கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது அறைகளின் அளவு எண்களே மாறிவிடுவதைக் கண்டுபிடித்தார். வேறொரு தாளில் ஆறு எட்டாகியிருந்தது. மங்கலாக இல்லை, கூர்மையாக, சந்தேகத்துக்கே இடமில்லாத எட்டு. நம் பக்கத்தில் பட்டாவின் புல எண் 116 என்றிருப்பது 118 ஆனால் அது பக்கத்து வயல். ஜேபெக் கெடுத்தால் பெரும்பாலும் கெடுத்தது தெரியும், மூலத்தைக் கேட்டு வாங்கலாம். இந்தப் பிழையில் கேட்கத் தோன்றவே தோன்றாது.

வயல் பக்கம் வந்துவிட்டதால் இன்னும் கொஞ்சம். டெல்டாவில் இன்று விவசாயிக்கும் கோப்பு வகைகளுக்கும் உள்ள உறவு சுவடியாளருக்கு உள்ளதைவிட நெருக்கம். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கையெழுத்து எல்லாம் ஏற்றினால்தான் காரியம் நடக்கும். இ-சேவை மையத்துப் பெண், "அண்ணே, உங்க பையன் ஃபோன்ல எடுத்தது ஏறமாட்டேங்குது, வேற மாதிரி ஃபைலா இருக்கு" என்பாள். ஐஃபோன்கள் 2017 முதல் எச்இஐசி என்ற வகையில் சேமிக்கின்றன. வீடியோவைச் சுருக்கும் நுட்பத்தைப் படத்துக்குப் போட்டது. ஜேபெக்கைவிடக் கோப்பு சிறிது. ஆனால் விண்ணப்பத் தளம் ஜேபெக் மட்டும் கேட்கும். மாற்றுவது ஒரு நிமிட வேலை. 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50 கேபியைத் தாண்டக் கூடாது என்கிற மாதிரி நிபந்தனைதான் பாடாய்ப் படுத்துவது. கையெழுத்து என்பது வெள்ளையில் நாலு கோடு. அதற்கு ஜேபெக்கைவிடப் பிஎன்ஜி பொருத்தம்: கொசு மொய்க்காது, சில கேபியில் முடிந்துவிடும். அப்படிக் கச்சிதமாக முடிந்துவிட்டால் 'கோப்பு மிகச் சிறியது' என்று தளம் திருப்பி அனுப்பவும் கூடும். இந்த விதியை எழுதியவரைச் சந்திக்க ஆசை.

மாற்றும்போது படத்தோடு கூட வந்த குறிப்பும் கழன்றுவிடலாம். ஃபோன் ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நேரம், அனுமதித்திருந்தால் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஃபோனை எப்படிப் பிடித்திருந்தார்கள் என்ற திசை ஆகியவற்றை எழுதிவைக்கிறது. மாற்றிய பிறகு நெல் வயல் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தால் திசைக் குறிப்பு தொலைந்தது என்று அர்த்தம். பயிர் மூழ்கியதற்கு ஆதாரமாக எடுத்த படத்தில் நேரமும் இடமும்தான் ஆதாரத்தின் பாதி. அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு வராது; படமும் மறுபடி சுருங்கும். இலையில் செம்புள்ளி நோய் தொடங்கும்போது விழும் பழுப்புப் புள்ளிகள் கடுகளவு. ஒவ்வொருவரும் சேமித்துப் புதிதாக ஏற்றி, நாலு குழுவைச் சுற்றிவிட்டு வேளாண் அலுவலரிடம் போகும்போது, நிறத்தைப் பங்குபோடும் வேலை நாலு தடவை நடந்திருக்கலாம். படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

எதிர்த்திசையில் ஒரு மூடநம்பிக்கை. ஜேபெக்காக எடுத்ததை டிஃப் ஆக மாற்றிக் கொடுத்தால் தரம் ஏறிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் டிஃப் என்றிருப்பதால் அப்படிச் செய்து கொடுப்பவர்களும் இருக்கக்கூடும். பூஜ்யமானது பூஜ்யமானதுதான். கோப்பு பத்து மடங்கு ஊதுமே தவிரக் கீறல் திரும்பாது. கண்டுபிடிப்பதும் சிரமமில்லை: எட்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எட்டுக்கு எட்டு கட்டங்களின் எல்லை, தறித்துணியின் கட்டம் மாதிரி ஒழுங்காக ஓடினால், அந்த டிஃப் ஒரு காலத்தில் நன்றாகச் சுருக்கிய ஜேபெக்காக இருந்தது.

அப்படியானால் மாற்றாமலே வைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் நடக்காது. கோடாக் நிறுவனம் 1992-இல் ஃபோட்டோ சிடி என்று தனக்கென ஒரு படவகையைக் கொண்டுவந்தது. நல்ல தரம்தான், ஆனால் நிறுவனமே அதைக் கைவிட்டது. இன்று அந்தக் கோப்பைத் திறக்க மென்பொருள் தேடி அலைய வேண்டும். திறக்க ஆள் இருக்கும்போதே மாற்றிவிடுவதுதான் பிழைக்கும் வழி. ஆவணக் காப்பகங்கள் டிஃபைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதன் அழகு காரணமில்லை. உள்ளே என்ன எப்படி வைத்திருக்கிறது என்ற விவரம் பொதுவில் கிடக்கிறது. நாளை ஆல்டஸை வாங்கிய அடோபியே இல்லாவிட்டாலும், விவரத்தைப் படித்து யார் வேண்டுமானாலும் திறக்கும் நிரலை எழுதிக்கொள்ளலாம்.

மாற்றியது சரியா என்று பார்க்கக் கண்ணை நம்ப வேண்டாம், கழித்தல் போதும். பழைய படத்தின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் புதிய படத்தின் அதே பிக்சலைக் கழித்து, வரும் வித்தியாசத்தைப் பத்தால் பெருக்கி ஒரு படமாகக் காட்டச் சொல்லுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்மேஜிக், கிம்ப் இரண்டிலும் இதைச் செய்யலாம். டிஃபைப் பிஎன்ஜி ஆக்கியிருந்தால் முழுக் கறுப்பு வரும்: எங்கும் பூஜ்யம். ஜேபெக் ஆக்கியிருந்தால் இங்குமங்கும் மணல் தூவியது போலிருந்தால் கவலையில்லை, ஓலையின் நார்ச் சொரசொரப்புதான் போயிருக்கிறது. அந்த மணலுக்குள் வரி வரியாக எழுத்தின் வடிவமே தெரிந்தால், நீங்கள் கழித்துப்போட்டது எழுத்தை. தரத்தை ஏற்றி, மூலத்திலிருந்து மறுபடி மாற்றுங்கள். மூலத்தை அதற்குள் அழித்துவிடாமல் இருந்தால்.